தோட்டப்புற ஊர்ப் பிள்ளை மேயர் ஆக முடியுமா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தாத்தா பால்மரம் வெட்டியவர். அப்பா லோரி ஓட்டுகிறார். பினாங்கில் ஒரு காலத்தில் தமிழர் மேயராக இருந்தாராம், ஈப்போ நகர மன்றமும் தமிழர் தலைமையில் இருந்த கட்சியின் கையில் இருந்ததாம். அவர்கள் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்கள்? என்னைப் போன்ற ஒருவன் இன்றைக்கு அரசியலில் இறங்கி மேயர் ஆக முடியுமா?"

சட்டம் உங்களைத் தடுக்கவில்லை, தம்பி. ஆனால் அவர்கள் வந்த வழி 1965-இல் அடைக்கப்பட்டது. இன்றுவரை திறக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் கட்சிக் கிளையில் பேர் கொடுத்துவிட்டு, பத்து வருடம் நாற்காலி அடுக்கிய பிறகு ஏமாந்துபோன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சுங்கை சிப்புட்டுக்கு மேயர் கிடையாது. நம் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. நகராண்மைக் கழகத்துக்கும் மாவட்ட மன்றத்துக்கும் தலைவர் யாங் டிபெர்துவா. மாநகர் அந்தஸ்து பெற்ற ஊருக்குத்தான் டத்தோ பண்டார், அதாவது மேயர். நமக்குப் பக்கத்தில் ஈப்போவுக்கு அந்த அந்தஸ்து 1988-இல் கிடைத்தது. ஆகவே மேயர் ஆக வேண்டுமென்றால் ஈப்போ போன்ற ஊருக்குத்தான் நீங்கள் போக வேண்டியிருக்கும்.

இப்போது பழைய கதைக்கு வருவோம். மலாயாவில் முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நடந்தது. நாடு சுதந்திரம் அடைய இன்னும் ஆறு வருடம் இருந்தது, நாடாளுமன்றத் தேர்தல் என்ற ஒன்றே இன்னும் வரவில்லை. அதற்கு முன்பே சாக்கடைக்கும் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் யார் பொறுப்பு என்பதை மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். அன்றைக்கு மன்றத்தின் 15 இடங்களில் 9-க்குத்தான் தேர்தல், மற்றவை நியமனம். 1956-க்குள் எல்லா இடங்களும் தேர்தலுக்கு வந்துவிட்டன. 1957 ஜனவரி முதல் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரானது. மலாயாக் கூட்டரசின் முதல் மாநகர் அதுதான். மன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படித் தொழிற்கட்சியின் சார்பில் மேயரானவர்தான் டி.எஸ். ராமநாதன். 1961 வரை அந்தப் பதவியில் இருந்தார். பினாங்கில் ஸ்காட் ரோடு என்று பழைய ஆட்கள் சொல்லும் தெருவுக்கு இப்போது அவர் பெயர்தான்.

ராமநாதன் ஒரு தமிழ்த் தொகுதியின் தலைவராக மேயர் ஆகவில்லை. ஜார்ஜ்டவுன் சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம். அங்கே கட்சி வென்றது துறைமுகத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, தெருவோர வியாபாரி இவர்களுடைய ஓட்டில். அந்தக் கட்சியின் உறுப்பினர்கள் ஒரு தமிழரை மேயர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலியும் வெறும் அலங்காரம் இல்லை. மின்சாரம், தண்ணீர், பேருந்து எல்லாவற்றையும் மாநகர் மன்றமே நடத்திக்கொண்டிருந்த காலம் அது.

ஈப்போ கதை இன்னும் சுவையானது, நமக்கு இன்னும் நெருக்கமானதும்கூட. எஸ்.பி. சீனிவாசகம், டி.ஆர். சீனிவாசகம் என்ற அண்ணன் தம்பி இருவரும் வழக்கறிஞர்கள், யாழ்ப்பாணத் தமிழ் வழி வந்தவர்கள். 1953-இல் தொடங்கிய பேராக் முற்போக்குக் கட்சிதான் பின்னால் மக்கள் முற்போக்குக் கட்சி ஆயிற்று. நம் ஆட்கள் பி.பி.பி. என்பார்கள். 1955 பொதுத்தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் 1957-இல் ஈப்போவில் நடந்த இடைத்தேர்தலில் டி.ஆர். வென்று, நாடாளுமன்றத்துக்கு முன்னோடியான கூட்டரசுச் சட்டமன்றத்துக்குப் போனார். சில காலத்துக்குள் ஈப்போ நகர மன்றமும் கட்சியின் கைக்கு வந்தது.

எப்படி வந்தது என்பதுதான் உங்களுக்குத் தேவையான பாடம். டி.ஆர். கோர்ட்டில் ஏழைகளுக்காக நின்றவர், கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கும் வாதாடியவர் என்ற பெயர் ஈப்போவில் இன்றைக்கும் இருக்கிறது. ஈயச் சுரங்கத் தொழிலாளி, புதுக்கிராமத்தில் குடியேற்றப்பட்ட சீனக் குடும்பம், லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்ட வண்டிக்கடைக்காரர் இவர்கள்தான் அவருடைய உலகம். அவர்களுடைய தகராறு எல்லாம் கடைசியில் எங்கே போய் முடியும்? நகர மன்றத்தில்தான். லைசென்ஸ் கொடுப்பது, கடையை அகற்றுவது, வீட்டு வரி போடுவது எல்லாம் அங்கேதான். கோர்ட்டில் வாதாடியவரே மன்றத்துக்குள்ளும் ஆள் வைத்திருந்தால் மக்கள் ஓட்டுப் போடாமல் என்ன செய்வார்கள்?

டி.ஆரின் துணிச்சலுக்கு ஒரு சான்று போதும். அமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். நாடாளுமன்றத்துக்குள் பேசினால் வழக்குப் போட முடியாது, வெளியே வந்து சொல்லிப் பாருங்கள் என்று சவால் வந்தது. வெளியே வந்து அதையே சொன்னார். அமைச்சர் மானநஷ்ட வழக்குப் போட்டார், 1965-இல் தோற்றார், பதவி விலகினார். ஓர் ஊர் வழக்கறிஞர் ஓர் அமைச்சரை இப்படி வீட்டுக்கு அனுப்பியது இந்த நாட்டு வரலாற்றில் அபூர்வம்.

1969 மார்ச்சில், பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது டி.ஆர். இறந்தார். அந்தத் தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 12 இடம் கட்சிக்குக் கிடைத்தது. பிறகு அண்ணன் எஸ்.பி. கட்சியை ஆளுங்கூட்டணிக்குள் கொண்டுபோனார். எதிர்த்து நிற்பார்கள் என்று நம்பி ஓட்டுப் போட்ட ஜனங்கள் 1974-இல் கைவிட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் எஸ்.பியும் காலமானார். என்னைக் கேட்டால் அந்தக் கூட்டணி முடிவு மட்டும் காரணமில்லை. அதற்குள் நகர மன்றத் தேர்தலே நின்றுபோயிருந்தது. தெருத்தெருவாகக் கட்சி வேர் பிடித்திருந்த இடமே இல்லாமல் போயிற்று. ஈப்போவில் ஒரு பூங்காவுக்கு டி.ஆர். சீனிவாசகம் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்கு அவர் யார் என்று சொல்லிக் கொடுங்கள்.

சரி, தேர்தல் ஏன் நின்றது? 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்தபோது, அவசரகால விதியின் கீழ் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். மோதல் அடுத்த வருடமே முடிந்துவிட்டது, தேர்தல் திரும்ப வரவில்லை. சில மன்றங்களில் முறைகேடு என்று புகார் எழுந்ததால் விசாரிக்க ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். அதற்குத் தலைவர் யார் தெரியுமா? ம.இ.கா., அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். ஆளுங்கட்சிக்காரர். அவர் தலைமையில் ஆணையம் ஊர் ஊராகப் போய் விசாரித்து, 1968-இல் அறிக்கை கொடுத்தது. குறைகள் இருந்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே மேல், தேர்தலைத் தொடருங்கள் என்பதுதான் அதன் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-இல் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. அதன் 15-ஆவது பிரிவு உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைத்தது. 10-ஆவது பிரிவின்படி ஒரு தலைவர், அவரோடு 8-க்குக் குறையாமல் 24-க்கு மேற்படாமல் உறுப்பினர்கள், எல்லாரும் மாநில அரசின் நியமனம். உறுப்பினர் பதவி ஒரு தடவைக்கு மூன்று வருடத்துக்கு மேல் போகாது, மறுபடியும் நியமிக்கலாம்.

ஆதி நாகப்பனின் பெயரை நம் ஆட்கள் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மாளின் கணவர் என்ற அளவில்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டின் ஊராட்சி முறையைப் பற்றி இவ்வளவு விரிவாக விசாரித்து எழுதப்பட்ட அறிக்கைக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர வேண்டும்.

இனி தோட்டத்துக்கு வருகிறேன். ஈப்போக்காரர்கள் ஓட்டுப் போட்ட காலத்தில் நம் தாத்தா பாட்டிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தோட்டம் தனியார் நிலம். மன்றத்தின் எல்லை டவுனோடு முடிந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குக் கவுன்சிலர், அந்தப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு மேனேஜர். தண்ணீர்க் குழாய், கக்கூஸ், ரோடு, விளக்கு எல்லாம் கம்பெனியின் தயவு. அப்போது பலருக்குக் குடியுரிமையும் இல்லை. ஆகவே ராமநாதன் மேயரானதும் சீனிவாசகம் சகோதரர்கள் ஈப்போவைப் பிடித்ததும் தோட்டத்துத் தமிழருடைய வெற்றி என்று சொல்ல முடியாது. டவுன் தமிழர்கள், டவுன் மக்களோடு சேர்ந்து பெற்ற வெற்றி அது.

தோட்டத்தில் வேறு விதமான அரசியல் வளர்ந்தது. நம் ஊரையே பாருங்கள். வீ.தி. சம்பந்தன் இங்கே பிறந்தவர். 1955-இல் ம.இ.கா. தலைவரானார், அமைச்சரானார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளியின் சேமிப்பையே திரட்டித் தோட்டம் வாங்கிய பெரிய காரியம் அது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியதில் தொடங்கியது. அதற்குப் பின் 1974 முதல் 2008 வரை சாமிவேலு இங்கே நாடாளுமன்ற உறுப்பினர், பொதுப்பணி அமைச்சர். அவருக்குப் பின் 2018 வரை டாக்டர் ஜெயக்குமார். மூவரும் மூன்று விதமான ஆட்கள், அதைப் பற்றிப் பேச இது இடமில்லை. ஆனால் மூன்று காலத்திலும் நம் ஜனங்கள் சாக்கடை அடைத்துக்கொண்டால்கூட எம்.பி.யைத்தான் தேடினார்கள். கோலகங்சாரில் ஒரு மன்றம் இருக்கிறது, அதில் ஒரு தமிழ் உறுப்பினர் இருக்கிறார், அவர் பெயர் இன்னது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இதுதான் எனக்கு இத்தனை வருடமாக மனதில் உறுத்துவது. தோட்டம் மூடி, நம் ஜனங்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை வீட்டுக்கும் வந்துவிட்டார்கள். முன்பு மேனேஜரிடம் இருந்த அதிகாரம் எல்லாம் இப்போது மன்றத்திடம் இருக்கிறது. ஆனால் நம் அரசியல் மட்டும் இன்னும் கோலாலம்பூரைப் பார்த்தே நிற்கிறது. கோயில் நிலம், சுடுகாடு, வண்டிக்கடை லைசென்ஸ், லயம் இருந்த இடத்தில் எத்தனை மாடி வீடு கட்டலாம் என்ற அனுமதி, இவையெல்லாம் மன்றத்தின் மேசைக்கு வரும் கோப்புகள். 2007 அக்டோபரில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை உடைத்தார்கள். உடைத்தது மாநகர் மன்றம். அடுத்த மாதம் 25-ஆம் தேதி இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் பேரணி, அதற்கடுத்த மார்ச்சில் ஐந்து மாநிலங்களில் எதிர்க்கட்சி ஆட்சி. அந்தக் கோபம் முழுவதும் பொதுத்தேர்தலில் போய் விழுந்ததற்குக் காரணம், மன்றத்தை நேரடியாகத் தண்டிக்க ஓட்டு இல்லாததுதான். ஷா ஆலத்தில் தேர்தல் இருந்திருந்தால் தீபாவளிக்கு முன்னால் அந்தக் கோயிலைத் தொட எந்தக் கவுன்சிலருக்காவது துணிவு வந்திருக்குமா?

கோலாலம்பூருக்குள்ளேயே புக்கிட் ஜாலில் தோட்டத்து ஜனங்களைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்த இடத்தில் சொந்தமாக வீடு கட்ட நிலம் கேட்டு வருடக்கணக்கில் போராடினார்கள். மாநகர் மன்றம் காட்டியதோ அடுக்குமாடி வீடு. கோலாலம்பூர் மேயரை நியமிப்பது மாநில அரசுகூட இல்லை, கூட்டரசு, அதாவது மத்திய அரசு. அந்த ஜனங்கள் யாரிடம் போய் "அடுத்த முறை ஓட்டு கிடையாது" என்று சொல்ல முடியும்?

தேர்தலைத் திரும்பக் கொண்டுவர முயற்சி நடக்காமல் இல்லை. பினாங்கு 2012-இல் மாநிலச் சட்டமே போட்டது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம், கூட்டரசுச் சட்டம் தேர்தலை நீக்கியிருக்கும்போது மாநிலம் தன் போக்கில் நடத்த முடியாது என்று சொல்லிவிட்டது. 2018-இல் ஆட்சி மாறியதும் வீடமைப்பு அமைச்சர் மூன்று வருடத்துக்குள் கொண்டுவருவோம் என்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரதமர் மகாதீர், இனச் சச்சரவு வரும் என்று சொல்லி நிறுத்திவிட்டார். இனச் சச்சரவு வரும் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தேர்தல் நடந்த காலத்தில் சீனர் பெரும்பான்மையாக இருந்த இரண்டு நகரங்களில் தமிழர்கள் தலைமைக்கு வந்தார்களே, அதற்கு என்ன பதில்? நியமனம் வந்த பிறகு அப்படி எத்தனை பேர் வந்தார்கள்?

நியமன முறையிலும் வந்தவர் உண்டு. 2023-இல் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கு ராஜேந்திரன் அந்தோணி மேயரானார். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அவர் கட்சி மேடையில் வளர்ந்தவர் அல்லர், மன்றத்தின் அதிகாரியாக உயர்ந்து வந்தவர். தீபகற்பத்தில் இன்றைய மேயர்களில் பெரும்பாலோர் இப்படி அரசு ஊழியர்களே. அரசியல்வாதியே மேயர் நாற்காலியில் உட்காருவதைப் பார்க்க வேண்டுமென்றால் சரவாக் போக வேண்டும். அங்கே சட்டம் வேறு. கூச்சிங் தெற்கு, மிரி போன்ற இடங்களில் கட்சிக்காரர்களே மேயராக இருந்திருக்கிறார்கள், அதுவும் நியமனம்தான்.

ஆக, தம்பி, உங்களுக்கு இரண்டு வழி. மேயர் பதவிதான் இலக்கு என்றால் படிப்பை அதற்கேற்ப எடுங்கள். சிவில் பொறியியல், நகரத் திட்டமிடல், சட்டம் இவற்றில் ஒன்றைப் படித்து, மன்றத்தில் அல்லது மாநில நிர்வாகத்தில் வேலைக்குச் சேருங்கள். நீண்ட பாதை, அலுப்பான பாதை, ஆனால் மேயர் நாற்காலி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் மருத்துவம், சட்டம் என்று ஓடுகிற அளவுக்கு நகரத் திட்டமிடலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்தத் தோட்டம் எப்போது தாமான் ஆகும் என்று வரைபடத்தில் கோடு போடுகிறவர்கள் அவர்கள்தான்.

ஜனங்களோடு நிற்பதுதான் ஆசை என்றால் கவுன்சிலர் ஆகப் பாருங்கள். இதற்குக் கட்சி வேண்டும். மன்ற இடங்களை ஆளுங்கூட்டணிக் கட்சிகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். தொகுதித் தலைவர் உங்கள் பெயரை எழுதினால்தான் வரும். மாநில ஆட்சி மாறினால் பதவியும் போகும். பேராக்கில் 2008-இல் ஒரு முறை ஆட்சி மாறி, அடுத்த வருடமே மறுபடி மாறியதை மறக்க வேண்டாம். அதனால் பதவியை மட்டும் நம்பி வாழ்க்கையை அமைக்காதீர்கள், கையில் ஒரு தொழில் இருக்கட்டும். சீனிவாசகம் சகோதரர்களுக்கு வக்கீல் தொழில் இருந்ததால்தான் யாருக்கும் பயப்படாமல் பேச முடிந்தது.

பதவி கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மன்றத்தின் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது என்று அதே 1976 சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. தனியாகத் தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய, நீங்கள் போய் உட்காரலாம். எழுத்து மூலம் தேதி கேட்டு, இரண்டு மூன்று கூட்டாளிகளோடு போங்கள். எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று வரைபடத்தில் வண்ணம் போட்டுக் காட்டும் உள்ளூர்த் திட்ட வரைவை மன்றம் பொதுப் பார்வைக்கு வைக்கும்போது அதைப் போய்ப் பாருங்கள். கோயில் இருக்கிற இடத்தில் என்ன வண்ணம் அடித்திருக்கிறார்கள், சுடுகாட்டைக் காட்டியிருக்கிறார்களா, வீடமைப்பு என்று போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். ஆட்சேபத்தைக் காலக்கெடுவுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். புல்டோசர் வந்த பிறகு சாலையில் உட்காருவதைவிட இந்த ஒரு கடிதத்துக்குப் பலம் அதிகம். கோயில் கமிட்டியில் இருக்கிற பெரியவர்களுக்கு மலாயில் கடிதம் எழுத ஆள் கிடைக்காமல்தான் பல இடத்தில் காலக்கெடு தவறிப்போகிறது. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், எந்த ரோடு யாருடையது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரோடு ஜே.கே.ஆர். என்கிற பொதுப்பணித் துறையின் பொறுப்பு, வீடு கட்டி விற்ற மேம்பாட்டாளர் ஒப்படைத்துவிட்ட தாமான் ரோடு மன்றத்தின் பொறுப்பு, இன்னும் தோட்டத்துக்குள் இருப்பது கம்பெனி பொறுப்பு. விளக்கு எரியவில்லை என்று வருகிறவரை இந்த மூன்றில் சரியான கதவுக்கு அனுப்பத் தெரிந்தவனை ஊர் தானாகவே தேடி வரும். உங்கள் தாமான் ரோட்டை மேம்பாட்டாளர் மன்றத்திடம் ஒப்படைத்துவிட்டாரா என்று தெரியுமா? தெரியாவிட்டால் மன்றத்தின் பொறியியல் பிரிவில் கேளுங்கள், சொல்லுவார்கள். பல தாமான்களில் அதுவே இன்னும் முடியாமல் கிடக்கிறது.